வேலையை விட்டுவிடலாமா? ‘வாய்ப்புச் செலவு’ என்ற கணக்கு, எளிய தமிழில்

காலை ஏழே கால் வாக்கில் வரும் லோக்கலில் திருநின்றவூரில் ஏறினால், பட்டரவாக்கத்தில் இறங்க அரை மணி நேரம் ஆகும். லேடீஸ் கம்பார்ட்மென்டில் அந்த அரை மணி நேரத்தில் ஒருத்தி பூண்டு உரிப்பாள், ஒருத்தி பூக்கட்டுவாள், ஒருத்தி ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குவாள். நான் பெரும்பாலும் பகற்கனவு காண்பேன். எப்போதும் ஒரே கனவுதான். மதியம் மூன்று மணி. மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, அதில் பிழிந்த வடாம் காய்கிறது. பையன் பாயில் தூங்குகிறான். நான் நிலைப்படியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. மாதக் கடைசி இல்லை, ஜி.எஸ்.டி. ரிட்டன் இல்லை, சாயங்கால ரயிலைப் பிடிக்கும் ஓட்டமும் இல்லை.

“பேசாம வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்துடலாம்போல இருக்கு.” அந்தப் பெட்டியில் வாரத்துக்கு ஒருத்தியாவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் அம்மாவின் கனவு வேறு. கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்திருந்தாள். இன்டர்வியூ கார்டு வந்தபோது அக்கா கைக்குழந்தை. அம்மா போகவில்லை. ஆனால் உலையில் அரிசி வெந்துகொண்டிருக்கும்போது, மேடையில் கவிழ்த்து வைத்த தட்டின் மேல் அவள் விரல்கள் தானாக ஓடும். ஏ, எஸ், டி, எஃப். பிறகு வலது கை. சின்ன வயதில் அதை ஏதோ தாளம் என்று நினைத்திருந்தேன். அவள் ஓர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டில் இருந்தவள் ஆபீஸைக் கனவு கண்டாள், ஆபீஸ் போகிறவள் வீட்டைக் கனவு காண்கிறாள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று இதை முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பழமொழி பாதிதான் சொல்கிறது. அக்கரை நிஜமாகவே பச்சையாக இருக்கலாம். அங்கே போய்ச் சேர ஓடக்கூலி எவ்வளவு, திரும்பி வர ஓடம் இருக்குமா என்பதையும் கேட்க வேண்டும் இல்லையா? அதைக் கேட்கக் கற்றுத்தரும் ஒரு கருத்து பொருளாதாரத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. பி.காம். படித்தபோது ஐந்து மார்க் கேள்விக்காக அதை மனப்பாடம் செய்தேன். குழந்தை பிறந்து, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றபோதுதான் அதன் அர்த்தம் உறைத்தது.

ஒரு லிட்டர் பாலிலிருந்து தொடங்கலாம். வீட்டில் இருப்பது அவ்வளவுதான், கடையும் மூடிவிட்டது. அந்தப் பாலில் பாயசம் வைக்கலாம், அல்லது உறை ஊற்றலாம். பாயசம் வைத்தால் அதன் செலவு என்ன? பால், சர்க்கரை, சேமியா, கேஸ் என்று சொல்வோம். ஆனால் நாளைக் காலை குழந்தையின் டப்பாவுக்குத் தயிர்சாதம் இல்லாமல் போகிறதே, அதுவும் அந்தப் பாயசத்தின் செலவுதான். அதற்கு யாரும் பில் போட்டுக் கையில் கொடுப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நாம் கைவிட்டவற்றில் எது மிக நல்லதோ, அதன் மதிப்புதான் வாய்ப்புச் செலவு.

இதில் தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. கைவிட்டது எல்லாவற்றையும் கூட்டக் கூடாது. அந்தப் பாலில் தயிர், பால்கோவா, காப்பி எது வேண்டுமானாலும் செய்திருக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்றைத்தான் செய்திருக்க முடியும். அதனால் அவற்றில் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நிஜமாகவே செய்ய முடிந்த ஒன்றாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பாலுக்குச் சொன்னது நேரத்துக்கும் பொருந்தும். இன்னும் சொன்னால், நேரத்துக்குத்தான் அதிகம் பொருந்தும். பால் நாளைக்கும் வரும்.

சரி, வேலைக்கு வருவோம். என் ரயில் தோழி ஒருத்தி போன வருஷம் ஒரு பழைய டைரித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள். கையில் வரும் சம்பளம் 28,000. குழந்தையை விடும் கிரெச்சுக்கு 7,000. சீசன் டிக்கெட்டும் ஷேர் ஆட்டோவும் 1,500. சமையலுக்கு வரும் அக்காவுக்கு 4,500. அலுத்துப்போன நாளில் வெளியில் வாங்கும் சாப்பாடு, ஆபீஸுக்கென்று எடுக்கும் துணி, கல்யாணக் கலெக்‌ஷன் எல்லாம் சேர்த்து 3,000. ஆக 16,000 போய்விடுகிறது. மீதி 12,000. “பன்னிரண்டாயிரத்துக்கா இந்த ஓட்டம்?” என்று கேட்டாள்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனாலும் அந்தத் தாளில் நிறைய விட்டுப்போயிருந்தது.

முதலில் கிரெச் கட்டணம். அதை ஏன் அவள் சம்பளத்தில் மட்டும் கழித்தாள்? குழந்தை இரண்டு பேருக்கும் சொந்தம். அப்பாவின் சம்பளத்தில் யாரும் கிரெச் பணத்தைக் கழித்துப் பார்த்து, “இவ்வளவுதான் மிஞ்சுகிறது, நீங்க வேலையை விட்டுடுங்க” என்று சொல்வதில்லை. பாதியை அந்தப் பக்கம் வைத்தால், அவள் கையில் மிஞ்சுவது 15,500 ஆகிவிடுகிறது. இது வெறும் கணக்கு வித்தை இல்லை. குழந்தை பராமரிப்பு அம்மாவின் சொந்தச் செலவு என்று நமக்குள் ஊறிப்போயிருப்பதுதான் இந்த இடத்தில் தெரியவருகிறது. இதை எந்த வீட்டில் பார்த்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அடுத்தது கையில் வராத பணம். அவளுடைய பேசிக் 15,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், மாதாமாதம் பி.எஃப்.புக்குப் போகிறது. கம்பெனியும் அதே அளவு கட்டுகிறது. அந்தக் கம்பெனிப் பங்கில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகும். ஆக மாதம் 3,600, வருஷத்துக்கு 43,200 ரூபாய். இது டைரித் தாளில் எங்கேயும் இல்லை. அதோடு பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், அப்போதுதான் 58 வயதில் மாதப் பென்ஷன் வரும். அவளுக்கு முடிந்திருந்தது 8 வருஷம். பத்து முடியாமல் நின்றால் பென்ஷன் பங்கை மொத்தமாக எடுத்துவிடலாம், அல்லது ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் வேறு வேலையில் சேரும்போது பழைய சர்வீஸையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வழி நிறையப் பேருக்குத் தெரியாது. அவசரத்தில் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டிக்கும் இப்படி ஓர் எல்லை இருக்கிறது. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருஷம் தொடர்ந்த சர்வீஸ். நாலாவது வருஷத்தில் ராஜினாமா கடிதம் எழுத உட்காருகிறவர்கள் ஒரு முறை காலண்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

இதையெல்லாம்விடப் பெரிய விடுபடல், அது ஒரு மாதக் கணக்காக இருந்தது. கிரெச் செலவு குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரைதான். வேலை இன்னும் இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடும். இன்றைக்கு விடுவதால் போவது இந்த மாத 12,000 மட்டும் இல்லை. வருஷா வருஷம் வரும் இன்கிரிமென்ட், அடுத்த பதவி, நடுவில் ஐந்து வருஷ இடைவெளி விழுந்த பயோடேட்டாவோடு மறுபடி வேலை தேடும்போது கிடைக்கக்கூடிய குறைந்த சம்பளம், எல்லாமே அந்த ஓடக்கூலியில் சேர்த்தி. 2023இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் 200 வருஷத் தகவல்களைத் தோண்டி எடுத்தவர். இன்று ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தை பிறக்கும்போதுதான் திறக்கிறது என்று காட்டினார். அவர் சொன்னது பணக்கார நாடுகளின் நிலவரம். ஆனால் பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்து, தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த எவளுக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

இதுவரை படித்துவிட்டு, வேலையை விடவே கூடாது என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாளில் மறுபக்கமும் அதே அளவுக்கு விட்டுப்போயிருந்தது. வேலைக்குப் போவதற்கும் வாய்ப்புச் செலவு உண்டு. காலை நாலரை மணிக்கு எழுவதால் இழந்த தூக்கம், முதுகு வலி, குழந்தை முதல் முதலாக எழுந்து நடந்ததை கிரெச் ஆயா போனில் எடுத்து அனுப்பிய வீடியோவாகப் பார்த்தது. இதற்கெல்லாம் ரூபாய் மதிப்பு போட முடியாது. போட முடியாததாலேயே கணக்கில் பூஜ்யம் ஆகிவிடாது. வாய்ப்புச் செலவு என்பது பணத்தைப் பற்றிய பேச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது கைவிட்டதைப் பற்றிய பேச்சு. கைவிட்டது பணமாக இருந்தால் பணம், மடியில் தூங்கும் குழந்தையாக இருந்தால் அது.

தாளில் வரவே கூடாதது ஒன்றும் இருக்கிறது. “இவ்வளவு செலவு பண்ணிப் படிக்கவைச்சது வீட்ல உட்காரவா?” என்று அப்பாக்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டிய ஃபீஸ், வேலைக்குப் போனாலும் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது. இப்படிப் போட்டு முடித்த காசை மூழ்கிய செலவு என்பார்கள். நாளைக்கு என்ன செய்வது என்ற முடிவில் அதற்கு இடம் இல்லை. அந்தப் படிப்பால் நாளையிலிருந்து என்ன சம்பாதிக்க முடியும் என்பது கணக்கில் வரும், நேற்று அதற்கு என்ன கொட்டினோம் என்பது வராது. “எட்டு வருஷம் ஓட்டிட்டேன், இப்போ எப்படி விடறது” என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதும் இதே தவறுதான். ஓட்டிய எட்டு வருஷம் முடிந்துபோனது. பென்ஷனுக்கு மீதி இருக்கும் இரண்டு வருஷம்தான் கணக்கு.

இப்போது மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். கைவிட்டது நிஜமாகச் செய்ய முடிந்த ஒன்றாக இருக்க வேண்டும். பகற்கனவு சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். ரயிலில் உட்கார்ந்து நான் ஒரு பக்கம் என் வேலையை அதன் வியர்வை, நெரிசல், மேனேஜரின் குரல் எல்லாவற்றோடும் வைக்கிறேன். மறுபக்கம் வீட்டை வைக்கவில்லை, வீட்டைப் பற்றிய ஒரு படத்தை வைக்கிறேன். எடை எப்படி நேராக நிற்கும்?

போன மே மாதம் பத்து நாள் லீவு எடுத்தேன். வேலையை விடலாமா என்ற கேள்வி முற்றிப்போயிருந்தது, வீட்டில் இருந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டாம் நாள் வடாம் பிழிந்தேன். மாடியில் விரித்த பத்தாவது நிமிஷம் காக்கை வந்தது. கனவில் ஒரு நாளும் காக்கை வந்ததில்லை. குச்சியோடு வெயிலில் யாராவது உட்கார வேண்டும். அந்த யாராவது நான்தான். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டி வழிவதற்குள் நிறுத்த வேண்டும். பையன் விழித்து அழுதான். கேஸ் சிலிண்டர் வந்தது. அத்தைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போட வேண்டும், ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும், எதிர்வீட்டுக்காரர்களின் பார்சலை வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் முடித்தார்கள். “நீதான் வீட்ல இருக்கியே.” ஆறாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு பத்து. காலையிலிருந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்திருக்கவில்லை.

இது என் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம் அதில் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்களில் அந்த வேலை செய்பவர்களுக்கு 88 நிமிஷம். குழந்தை, வயதானவர்களைக் கவனிக்கும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. அதில் பெண்களுக்கு 137 நிமிஷம், ஆண்களுக்கு 75. வேலையை விட்டால் இந்த நிமிஷங்கள் குறையுமா, கூடுமா? என் பத்து நாளில் கூடியது.

வீட்டு வேலைக்கு விலை இல்லை என்று நினைப்பதும் தாளில் விட்டுப்போகும் ஒரு வரிதான். தோழி சமையல் அக்காவுக்குக் கொடுக்கும் 4,500 செலவு என்றால், அதே சமையலை அம்மா முப்பது வருஷம் செய்தது என்ன? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி இங்கே குடும்பத்தை நடத்தினார். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பணம் வருகிறது. முதல் மாதம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்து, அந்த ஒரு வரியை எனக்கு விரல் வைத்துக் காட்டினாள். டைப் அடித்த விரல்.

அப்புறம் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘விடலாமா, வேண்டாமா’ என்று தாளில் கணக்குப் போடும் இடத்திலேயே எல்லோரும் நிற்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் சமையல் அக்கா விட்டால், அடுத்த மாத வாடகை நிற்கும். இந்தியாவில் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஷிப்ட் வேனில் கண்ணை மூடிக்கொண்டு இதே மூன்று மணிக் காப்பியைக் கனவு காண்கிறார்களோ. கைவிடுவதற்கு வேறு வழி என்று ஒன்றே இல்லாதபோது, தேர்வு என்ற சொல்லுக்கே அர்த்தம் குறைந்துவிடுகிறது.

வேறு வழி இருப்பவர்கள் செய்யக்கூடியது, அந்த வழிகளை இரண்டோடு நிறுத்திவிடாமல் இருப்பது. வேலை, அல்லது வீடு என்று இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் எதை எடுத்தாலும் மற்றதன் முழு எடையும் தோளில் விழும். நடுவில் மூன்றாவது, நாலாவது வழி இருந்தால் அது குறையும். 2017 முதல் நம் சட்டத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கிரெச் வசதி இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பிரசவ விடுப்பு 12 மாதம். உங்கள் ஆபீஸில் 50 பேர் இருந்து கிரெச் இல்லை என்றால், ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் எழுத வேண்டிய கடிதம் வேறொன்று இருக்கிறது. சம்பளமில்லா லீவு, வீட்டிலிருந்து வேலை, வேறு பிரிவுக்கு மாற்றல், கணவரின் ஷிப்டை மாற்றுவது, இவையும் வழிகள்தான். கடைசியில் சொன்னதைத்தான் வீடுகளில் கடைசியாக யோசிக்கிறார்கள்.

நான் என் கனவையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சமையல் இல்லை. துணி இல்லை. என்னை யாரும் கூப்பிடாத ஒரு மதியமும், பக்கத்தில் தூங்கும் பையனும் மட்டும்தான் இருந்தன. நான் ஏங்கியது வேலை இல்லாத வாழ்க்கைக்கு இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மதியத்துக்காக ஏங்கியிருக்கிறேன். அதற்கு வேலையை முழுசாகக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரோடு பேசினேன். வாரத்தில் மூன்று நாள் அவர் கிரெச்சிலிருந்து பையனைக் கூட்டிவருகிறார், ராத்திரிச் சமையலும் அன்றைக்கு அவருடையது. சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை போனை அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன்.

டைரித் தாள் காட்டிய தோழி வேறு முடிவு எடுத்தாள். அவள் குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் நாலு நாள் போக வேண்டும், அதை வேறு யார் கையிலும் விட அவளுக்கு மனசு வரவில்லை. விட்டுப்போன வரிகளையெல்லாம் சேர்த்து, கிரெச் கட்டணத்தைப் பாதியாக்கி, பி.எஃப்.பையும் எழுதி, எல்லாம் தெரிந்துதான் விட்டாள். ஸ்கீம் சர்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். அவள் கணக்கும் சரி, என் கணக்கும் சரி. ஏனென்றால் இரண்டு பேரும் கைவிட்டது வேறு வேறு.

நீங்கள் போடுவதாக இருந்தால் கணவன், மனைவி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். தாளின் மேலே தேதி எழுத மறக்க வேண்டாம். குழந்தை வளரும், சம்பளம் மாறும், பெரியவர்களின் உடம்பு மாறும், போன வருஷத்துத் தாள் இந்த வருஷத்துக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் நிற்கிறது. மறுபடி போட வேண்டிய நாளை மூலையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்: ஜூன், பையன் எல்.கே.ஜி. சேரும் வாரம்.